கூடி ஆடுதலின் இன்பமும் வட்டத்தின் எல்லையும்: சங்கரன்கோவில் வட்டாரக் குழு ஆட்டங்களும் மேலைச் சதுர நடனமும்

ஆய்வுச் சுருக்கம்

கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் முதலிய குழு ஆட்டங்கள் பெரும்பாலும் வழிபாட்டுக் கலைகளாகவோ நிகழ்த்துகலைகளாகவோ ஆராயப்பட்டுள்ளன. ஆடுவோருக்கு அவை தரும் பொழுதுபோக்கு இன்பமும், அவ்வின்பம் உருவாக்கும் சமூக உறவும் தனியே ஆராயத்தக்கவை. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்தை மையமாகக் கொண்டு, அமெரிக்கச் சதுர நடனத்தோடு ஒப்பிட்டு, இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது. எளிய அடவு, பகிர்ந்துகொள்ளும் பாட்டு, ஒருவரை ஒருவர் நோக்கி நிற்கும் அமைப்பு ஆகிய மூன்றும் இவ்வாட்டங்களின் ஈர்ப்புக்கு அடிப்படை. வட்டத்துக்குள் சமன்மையை உண்டாக்கும் இவ்வாட்டங்கள், வட்டத்துக்குள் யார் வரலாம் என்பதைத் தாமே முடிவு செய்வதில்லை. அதனைச் சமூகமே முடிவு செய்கிறது. மேடையேற்றத்தால் வட்டம் வரிசையாக மாறும்போது இழப்பவை எவை என்பதும் இங்குச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம், குரவை, சதுர நடனம், பங்கேற்பு நிகழ்த்துதல், முளைப்பாரி, சங்கரன்கோவில்.

முன்னுரை

ஆட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நடனம், விளையாட்டு என இரு பொருளும் உண்டு. ‘ஆடுதல்’ என்னும் வினை கூத்துக்கும் உரியது, பந்துக்கும் ஊசலுக்கும் உரியது, நீராடலுக்கும் உரியது. திருவாசகத்தின் திருஅம்மானை, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல், திருத்தோணோக்கம் ஆகிய பகுதிகள் மகளிர் விளையாட்டுகளின் வடிவிலேயே பக்தியைப் பாடுகின்றன. விளையாட்டையும் நடனத்தையும் வழிபாட்டையும் ஒன்றினின்று ஒன்று பிரித்துப் பார்க்காத பண்பாட்டுச் சூழல் இதனால் புலப்படுகிறது.

ஆயினும் நாட்டார் ஆட்டங்கள் பற்றிய ஆய்வில் இம்மூன்றும் சமமாக இடம்பெற்றுவிடவில்லை. பாடல்களைத் திரட்டும் பணியே முதலில் வலுப்பெற்றது. நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் இருந்து முன்னெடுத்த ஆய்வுப் பணியும், அவர் 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழும், பின்னர் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் வளர்ந்த நாட்டார் வழக்காற்றியல் கல்வியும் நெல்லைச் சீமைக்கு இத்துறையில் தனியிடம் தேடித் தந்தன. பாடலின் சொற்கள் அச்சேறின. சடங்கின் பொருள் விளக்கப்பட்டது. ஆடியவர்கள் ஏன் மகிழ்ந்தனர் என்ற வினா பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றது. மகிழ்ச்சி ஆய்வுக்குரிய பொருளன்று என்ற எண்ணமும் இதற்குக் காரணமாகலாம்.

இவ்வினாவை எழுப்பச் சதுர நடனத்துடனான ஒப்பீடு உதவுகிறது. சடங்குப் பின்னணி ஏதுமின்றி, கூடிப் பழகுவதற்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஆடப்படுவது சதுர நடனம். அதன் ஈர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று அறிந்தால், நம் ஆட்டங்களில் சடங்கின் போர்வைக்குள் இருக்கும் அதே ஈர்ப்பையும் இனங்காணலாம்.

குரவையும் துணங்கையும்

கைகோத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் முன்தேர்க்குரவை, பின்தேர்க்குரவை ஆகியவற்றைக் குறிக்கிறது. புறநானூற்றின் 24ஆம் பாடலில் பரதவர் கள்ளுண்டு குரவையாடுகின்றனர். புன்னைப் பூச்சூடிய இளைஞர் வளையணிந்த மகளிர்க்குத் தலைக்கை தருகின்றனர். தலைக்கை தருதல் என்பது ஆட்டத்தில் முதற்கை கொடுத்துத் துணையாதல். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடியதற்கு இது தெளிவான சான்று. அப்பாடல் காட்டும் நெய்தல் நிலத்துக் குரவையில் உழைப்பும் உணவும் ஆட்டமும் ஒரே வாழ்வின் கூறுகளாக அமைகின்றன.

இத்தகைய ஆட்டம் உறவுகளில் சலனத்தையும் உண்டாக்கியது. பதிற்றுப்பத்தின் 52ஆம் பாடல், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் துணங்கையில் மகளிர்க்கு முதற்கை தந்ததைக் கண்டு அரசி ஊடியதைக் கூறுகிறது. அரசனே ஆயினும் ஆட்டக் களத்தில் அவனும் கை கொடுக்கும் ஓர் ஆடுநன். அரண்மனை ஒழுங்கு ஒன்று, ஆட்டக்கள ஒழுங்கு வேறொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட முரணிலிருந்தே அரசியின் ஊடல் பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இன்னொரு பயனைக் காட்டுகிறது. ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆநிரையின் மணிகள் அறுந்து விழுகின்றன. தீநிமித்தங்களால் கலங்கிய மாதரி குரவையாட முடிவு செய்கிறாள். எழுவர் மகளிர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்கள் இடப்படுகின்றன. அவர்கள் வட்டமாக நின்று, நண்டின் கவ்வலைப் போன்ற கற்கடகக் கையால் ஒருவரோடு ஒருவர் பிணைந்து ஆடுகின்றனர். பெயரும் இடமும் பெற்ற பின் எவரும் தனியர் அல்லர். ஏழில் ஒன்று குறைந்தாலும் பண் நிறைவுறாது. பொதுவான அச்சத்தைத் தாங்கிக்கொள்ள அச்சமூகம் கைக்கொண்ட வழி, கூடி ஆடுதலாகும்.

இங்குக் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அக்குரவையில் கண்ணகி ஆடவில்லை. அவள் காண்பவளாகவே இருக்கிறாள். ஆயர்பாடி அவளை அன்போடு ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஏழு பெயர்களுள் ஒன்று அவளுக்கு இல்லை. வட்டம் என்பது உள்ளே நிற்பவரை இணைக்கும்போதே வெளியே நிற்பவரையும் வரையறுத்துவிடுகிறது. குழு ஆட்டத்தின் இவ்விரு இயல்பும் இக்கட்டுரையின் பின்பகுதியில் விரிவாக நோக்கப்படும்.

சங்கரன்கோவில் வட்டாரச் சூழல்

சங்கரன்கோவில், 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. சிவனும் திருமாலும் ஒருவரே என்பதைக் காட்டுமாறு கோமதி அம்மன் தவமிருந்ததாகக் கூறும் தலவரலாறும், அதனையொட்டிய ஆடித்தபசுத் திருவிழாவும் இவ்வூரின் அடையாளங்கள். திருவிழாக் காலத்தில் பக்தர்கள் வேண்டுதலாகக் கோயிலைப் பலமுறை சுற்றி வருவதனை ‘ஆடிச்சுற்று’ என்பர். பலரோடு சேர்ந்து, ஒரு மையத்தைச் சுற்றி, எண்ணிக்கை வைத்து நடக்கும் இச்சுற்றும் உடலால் செய்யப்படும் கூட்டு வழிபாடே.

நடையையும் பாட்டையும் இணைக்கும் வடிவமொன்று இலக்கியத் தகுதி பெற்றதும் இவ்வட்டாரத்தில்தான். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் (1865–1891), ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன் மீது அவர் பாடிய காவடிச்சிந்து, காவடி எடுத்து நடப்போரின் அடிக்கும் ஆட்டத்துக்கும் இசைந்த சந்தங்களால் ஆனது. கும்மியும் சிந்துப்பா வகையோடு உறவுடைய வடிவமே. காலும் கையும் தரும் தாளத்திலிருந்து யாப்பு பிறக்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வட்டாரச் சிற்றூர்களின் அம்மன் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம் ஆகியவை பெரும்பாலும் வெளியிலிருந்து அழைக்கப்படும் கலைஞர்களால் நிகழ்த்தப்படுகின்றன. முளைப்பாரிக் கும்மி அவ்வாறன்று. தவசங்களை விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பர். பயிர் வளரும் நாள்களில் இரவுதோறும் அவ்வூர்ப் பெண்களே கூடிக் கும்மியடிப்பர். நிறைவில் முளைப்பாரி ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு நீர்நிலையில் கரைக்கப்படும். இதில் கலைஞர் என்றும் பார்வையாளர் என்றும் இரு சாரார் இல்லை, ஊதியம் இல்லை, ஒத்திகை என்று தனியே ஒன்றும் இல்லை. ஒவ்வோர் இரவின் ஆட்டமும் அடுத்த இரவின் பயிற்சியாகிவிடுகிறது.

இப்பெண்களின் பகற்பொழுதையும் சேர்த்து எண்ணினால்தான் கும்மியின் பொருள் முழுமையாக விளங்கும். விசைத்தறி, பீடி சுற்றல், தீப்பெட்டித் தொழில், வயல் வேலை ஆகியன இப்பகுதிப் பெண்களின் உழைப்புக் களங்கள். பீடி சுற்றலும் தீப்பெட்டி வேலையும் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வேலைகள். அங்கே கை ஓயாது இயங்கும். உடல் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும். எண்ணிக்கை கூலியைத் தீர்மானிக்கும். கும்மியிலும் கை இயங்குகிறது, எண்ணிக்கையும் உண்டு. ஆனால் உடல் முழுவதும் அசைகிறது. அந்த எண்ணிக்கைக்கு எவரும் விலை வைப்பதில்லை. இரவில் வீட்டுக்கு வெளியே, ஒத்த வயதினரோடு, சிரித்துப் பேசிப் பாடி நிற்பதற்கு ஊரின் ஒப்புதல் பெற்ற பொழுது பெண்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. வழிபாடு அந்த ஒப்புதலைப் பெற்றுத் தருகிறது; ஆட்டம் அந்தப் பொழுதை நிரப்புகிறது.

ஆட்டங்களின் இயக்க முறை

கும்மியின் அடிப்படை அசைவுகள் சிலவே. வட்டமாக நின்று, அடியெடுத்து வைத்து, குனிந்து உட்புறம் கைதட்டி, நிமிர்ந்து நகர்தல் அதன் பொதுவடிவம். தட்டின் எண்ணிக்கையும் அடியின் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் வேறுபடலாம். பாட்டறிந்த ஒருத்தி முதலடியைப் பாட, மற்றையோர் வாங்கிப் பாடுவர். புதிதாகச் சேர்பவள் பாட்டையும் அடவையும் முன்னரே அறிந்திருக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவளைப் பார்த்துக் கையையும், அருகே நிற்பவளைப் பார்த்துக் காலையும் சரிசெய்துகொண்டு சில சுற்றுகளில் ஆட்டத்துக்குள் வந்துவிடலாம். வட்டத்தின் அமைப்பே ஆசிரியராக இருந்து கற்பிக்கிறது.

கோலாட்டத்தில் இருவரிடையே நிகழும் கொடுக்கல் வாங்கல் முதன்மை பெறுகிறது. தன் கோலைத் தானே தட்டுதல், இணையின் கோலோடு தட்டுதல், இடம் மாறி அடுத்த இணையோடு தட்டுதல் என ஆட்டம் வளர்கிறது. இருவரில் ஒருவர் பிந்தினாலும் ஒலி பிசகும். பின்னல் கோலாட்டத்தில் இப்பொறுப்பு கண்ணுக்கும் புலனாகிறது. மேலே ஒரு புள்ளியில் கட்டப்பட்ட கயிறுகளின் மறுமுனைகளை ஆடுவோர் பற்றியிருப்பர். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சென்று, ஒருவரை உள்ளாகவும் அடுத்தவரை வெளியாகவும் கடக்கும்போது கயிறுகள் பின்னலாகின்றன. பின் அதே வழியே திரும்பி ஆடிப் பின்னலை அவிழ்க்க வேண்டும். ஒருவர் வழி தவறினால் பின்னல் சிக்கலாகும். அச்சிக்கலைத் தனியொருவர் தீர்க்க இயலாது. பிழை ஒருவருடையது, திருத்தம் எல்லோருடையது என்ற நிலை இந்த ஆட்டத்தின் விதியாகவே அமைந்துள்ளது.

ஒயிலாட்டம் மரபில் ஆண்களுக்குரியது. கையில் துணியும் காலில் சலங்கையும் கொண்டு வரிசையாக நின்று ஆடுவர். அண்ணாவியார் அல்லது வாத்தியார் எனப்படும் தலைவர் பாட்டையும் அடவையும் நடத்துவார். இராமாயணம், வள்ளி திருமணம் போன்ற கதைகள் இதில் பாடப்படுகின்றன. இதனை ஒப்ப, தூத்துக்குடி மாவட்டத்தின் ஜமீன் கோடங்கிபட்டி முதலிய ஊர்களில் இராஜகம்பளத்து நாயக்கர்களால் ஆடப்படும் தேவராட்டத்தில் பாட்டுக்கு இடமில்லை. தேவதுந்துபியின் ஒலிக்கேற்ப அடவுகள் மாறும். பாட்டு வழிநடத்தும் ஆட்டம், தலைவர் வழிநடத்தும் ஆட்டம், கருவி வழிநடத்தும் ஆட்டம் என மூவகையும் ஏறத்தாழ அடுத்தடுத்த நிலப்பகுதிகளில் வழங்குகின்றன.

சதுர நடனம்: ஒப்பீட்டுக்குரிய கூறுகள்

அமெரிக்கச் சதுர நடனத்தில் நான்கு இணையர் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்நோக்கி நிற்பர். ஆக எண்மர் சேர்ந்தது ஓர் அலகு. ஐரோப்பாவின் கூட்டு நடனங்கள் குடியேறிகளுடன் சென்று அங்கு உருமாறியதால் தோன்றியது இது. இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கூட்டு நடனங்களை ஜான் பிளேஃபோர்டு 1651இல் நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு மரபின் கொத்தியோன், குவாட்ரில் என்பன சதுர அமைப்பை வழங்கின. அடுத்து ஆடவேண்டிய அடவை உரக்கக் கூறி நடத்துபவர் ‘காலர்’ எனப்படுகிறார். அறிவிப்பாளரின் வளர்ச்சியில் ஆப்பிரிக்க அமெரிக்க இசைஞர்களின் பங்கு பெரிது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. வெள்ளையர் விருந்துகளில் பிடில் வாசித்த கறுப்பின இசைஞர்கள் ஆட்டத்தையும் வாய்மொழியாக நடத்தினர். ஆட்டத்தை இயக்கியவர் அவர். அந்தச் சதுரத்துக்குள் நிற்க உரிமையற்றவரும் அவரே.

சதுர நடனத்தின் ஈர்ப்பு மூன்று கூறுகளில் அடங்கும். முதலாவது, அடவு என்பது பெரும்பாலும் நடையே. தாளத்துக்கு நடக்கத் தெரிந்தவர் ஆடலாம். இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் இணையை விட்டு மற்ற மூன்று இணையரோடும் கைகோத்துச் சுழன்று, மீண்டும் தம் இடத்துக்கே வந்து சேர்வர். அறியாதவரோடு பழகுவதன் தயக்கத்தை ஆட்டத்தின் விதி நீக்கிவிடுகிறது. மூன்றாவது, அடுத்த அறிவிப்பு எதுவென்று முன்கூட்டித் தெரியாது. அறிந்த அடவுகள் அறியாத வரிசையில் வரும்போது கவனம் கூர்மையடைகிறது. தடுமாற்றமும் சிரிப்பாக முடிகிறது.

முதற்கூறு கும்மிக்கும் பொருந்தும். இரண்டாம் கூறு கோலாட்டத்தின் இணைமாற்றத்தோடு ஒத்துள்ளது. மூன்றாவதில் வேறுபாடு உண்டு. சதுர நடனத்தில் இசை வழக்கமானது, அடவின் வரிசை புதியது. கும்மியில் அடவு வழக்கமானது, பாட்டின் வரி புதியது. முறைப்பெண்ணைக் கேலி செய்யும் வரி, ஊர்ச்செய்தியைச் சுட்டும் வரி, மாமியாரைச் சாடும் வரி எனப் பாடுபவள் சேர்ப்பவை ஆடுவோரின் செவியை விழிப்பாக வைத்திருக்கின்றன. காலுக்குப் பழகிய அடவு இருப்பதனால்தான் நாவுக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. பஞ்சம், வெள்ளம், விபத்து போன்ற நிகழ்வுகளைப் பாடும் கும்மி நூல்கள் தோன்றியதும், பாரதியார் பெண் விடுதலையைக் கும்மி வடிவில் பாடியதும் இவ்வியல்பின் விளைவுகள் எனலாம். புதிய கருத்தைப் பழகிய தாளத்தில் பலர் வாயிலாகச் சொல்விக்கக் கும்மி ஏற்ற வடிவமாக விளங்கியது.

உடல், ஒத்திசைவு, உறவு

கூடி அசைதல் ஏன் இன்பம் தருகிறது என்ற வினாவுக்குச் சமூகவியலும் உளவியலும் சில விடைகளைத் தந்துள்ளன. எமில் துர்க்கைம் 1912இல் வெளியான தம் நூலில், சடங்குக் கூடல்களில் தோன்றும் கூட்டு எழுச்சியைச் சமயத்தின் ஊற்றாகக் கண்டார். வரலாற்றறிஞர் வில்லியம் மெக்நீல் 1995இல் வெளியிட்ட நூலில், நடனத்திலும் படைப்பயிற்சியிலும் ஒருசேர அசைவதனால் உண்டாகும் பிணைப்பைத் தசைவழிப் பிணைப்பு என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். பேச்சால் உருவாகும் உடன்பாட்டுக்கு முன்பே, உடலால் உருவாகும் உடன்பாடு ஒன்று உண்டு என்பது அவர் வாதம்.

பிரான்வின் டார், ராபின் டன்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டு மாணவர்களிடையே நிகழ்த்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதனை வழியே அணுகியது. ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்தல், மிகுந்த உடலுழைப்போடு ஆடுதல் ஆகிய இரண்டும் தனித்தனியே வலி தாங்கும் எல்லையை உயர்த்தின. உடன் ஆடியவர்களிடம் நெருக்க உணர்வையும் மிகுவித்தன. ஜோ வெர்கீஸ் குழுவினர் நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரை நெடுங்காலம் கண்காணித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடல்சார் பொழுதுபோக்குகளுள் நடனம் மட்டுமே மறதிநோய் வாய்ப்புக் குறைவோடு தொடர்புற்றிருந்தது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றி நடனமே காரணம் என நிறுவுவதன்று. ஆயினும் கவனம், நினைவு, உடலசைவு, உடனிருப்போர் ஆகிய நான்கும் ஒருங்கே செயற்படும் பொழுதுபோக்குகள் சிலவே என்பது எண்ணத்தக்கது.

இந்த முடிவுகளைக் கும்மிக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் முறையன்று. எனினும் முளைப்பாரிக் கும்மியில் மூதாட்டியும் சிறுமியும் ஒரே வட்டத்தில் நிற்பதனை இங்கு நினைவுகூரலாம். மூதாட்டியிடம் பாட்டு இருக்கிறது. சிறுமியிடம் கால் வலு இருக்கிறது. ஆட்டத்துக்கு இரண்டும் தேவை. வயது முதிர்ந்தவரை ஒதுக்கி அமர வைக்காமல் அவரிடமிருந்தே தொடங்கும் பொழுதுபோக்கு என்ற வகையில், இதன் சமூகப் பயன் பெரிது.

வட்டத்தின் எல்லை

வட்டத்தில் முதலிடம், கடையிடம் என்று இல்லை. ஆகவே அது சமன்மையின் வடிவம் எனப் பலரும் போற்றுவர். இக்கூற்று வட்டத்தின் உட்புறத்தைப் பொறுத்தவரை உண்மை. தென்மாவட்டச் சிற்றூர்களில் கோயில்களும் கொடை விழாக்களும் பெரும்பாலும் சமூகவாரியாகப் பிரிந்துள்ளன. ஒரு தெருவின் முளைப்பாரியில் அத்தெருவின் பெண்களே கும்மியடிக்கின்றனர். அடுத்த தெருவின் பெண் அதே பாட்டை அறிந்திருக்கலாம். தீப்பெட்டி ஆலையில் அதே மேசையில் அமர்ந்து வேலை செய்பவளாகவும் இருக்கலாம். ஆயினும் வட்டத்தில் அவளுக்கு இடமில்லை. உழைப்பு சேர்த்து வைத்தவர்களைப் பொழுதுபோக்கு பிரித்து வைக்கிறது. விக்டர் டர்னர் 1969இல் விளக்கிய, சமூகப் படிநிலைகள் கரையும் சடங்குக்கால ஒருமை, தெருவின் எல்லையோடு நின்றுவிடுகிறது.

சதுர நடன வரலாறும் இதனையே வேறொரு மண்ணில் உறுதிப்படுத்துகிறது. 1920களில் ஹென்றி ஃபோர்டு பழைய நடனங்களைப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் பரப்பப் பெரும்பொருள் செலவிட்டார். நடன ஆசிரியர் பெஞ்சமின் லவெட்டின் துணையோடு 1926இல் நூலும் வெளியிட்டார். கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையின் மீதான வெறுப்பும் யூத எதிர்ப்பும் இம்முயற்சியின் பின்னே இருந்தன. கறுப்பின இசைஞர்களின் பங்கால் வளர்ந்த ஒரு நடனமே வெள்ளையர் மரபின் தூய அடையாளமாக முன்னிறுத்தப்பட்டது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1982, 1983 ஆகிய ஆண்டுகளுக்குச் சதுர நடனத்தைத் தேசிய நாட்டுப்புற நடனமாக அறிவித்தபோது, பல இனத்தவர் வாழும் நாட்டில் ஒரு நடனத்தை மட்டும் தேசியமாக்குதல் தகுமா என்ற விவாதமும் எழுந்தது.

கொங்கு நாட்டு வள்ளி கும்மியின் அண்மைக்கால எழுச்சி இருவகையிலும் பாடம் தருகிறது. வள்ளி ஒயில் கும்மியில் நெடுங்காலம் ஆண்களே ஆடிவந்தனர். அதனைப் பெண்களுக்கும் பயிற்றுவித்த கோவைப் பகுதியின் மு. பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ விருதுக்குரியவராக அறிவிக்கப்பட்டார். இன்று அப்பகுதியின் அரங்கேற்றங்களில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் பெருந்திரளாக ஆடுகின்றனர். பாலின எல்லை தளர்ந்ததற்கு இது நற்சான்று. அதே வேளையில் இவ்வாட்டம் சாதி அடையாளத்தைத் திரட்டும் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற விமர்சனமும் எழுந்துள்ளது. ஒரே ஆட்டம் ஓர் எல்லையைத் திறக்கவும் மற்றோர் எல்லையை இறுக்கவும் துணைபோகலாம் என்பதை இது உணர்த்துகிறது. அடவும் பாட்டும் இரண்டுக்கும் ஒரே அளவில் இடம் தருகின்றன. திறப்பதும் இறுக்குவதும் நடத்துவோரின் கையில் உள்ளன.

மேடையேற்றமும் இழப்பும்

இசையியலறிஞர் தாமஸ் டுரினோ 2008இல் வெளியிட்ட நூலில் நிகழ்த்துதலைப் பங்கேற்பு வகை, காட்சி வகை எனப் பிரிக்கிறார். முன்னதில் எத்தனை பேர் ஈடுபட்டனர் என்பதே வெற்றியின் அளவுகோல். பின்னதில் எவ்வளவு செம்மையாக நிகழ்த்தப்பட்டது என்பது அளவுகோல். இவை இரண்டும் இருவேறு நெறிகள். ஒன்றைக் கொண்டு மற்றதை அளத்தல் பிழை.

கும்மியும் ஒயிலாட்டமும் இன்று பள்ளி, கல்லூரி விழாக்களிலும், 2022–23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத்திருவிழாப் போட்டிகளிலும், 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்களிலும் இடம்பெறுகின்றன. கலைகளை அறியாத தலைமுறைக்கு அவற்றை அறிமுகப்படுத்தியதும், கலைஞர்களுக்கு மதிப்பும் வருவாயும் பெற்றுத் தந்ததும் இம்முயற்சிகளின் பயன்கள். ஆயினும் பங்கேற்பு வகைக் கலை காட்சி வகையாகும்போது சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதன ஆகின்றன. வட்டம் விரிந்து அவையை நோக்கிய வரிசையாகிறது. எதிரே நிற்பவளின் முகம் மறைகிறது. வாய்ப்பாட்டின் இடத்தைப் பதிவு செய்த இசை கொள்கிறது. புதிய வரி சேர்க்கும் சுதந்திரம் அற்றுப்போகிறது. கால எல்லை விதிக்கப்படுவதால் விரைவு கூடுகிறது. மூதாட்டிக்கு இடமில்லாமற் போகிறது. தேர்வு நடைபெறுவதால் நன்றாக ஆடுவோர் மேடையிலும் ஏனையோர் இருக்கையிலும் அமைகின்றனர்.

இம்மாற்றத்தில் கலையின் வடிவம் காக்கப்படுகிறது. ஆயின் அது தோன்றியதன் காரணம் கைவிடப்படுகிறது. கைதட்டல் ஆடுவோரின் கையிலிருந்து பார்ப்போரின் கைக்கு மாறிவிடுகிறது என்று இதனைச் சுருங்கக் கூறலாம். மேடை வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. மேடையோடு களமும் வேண்டும் என்பதே வேண்டுகோள். அமெரிக்காவில் 1939இல் லாயிட் ஷா வெளியிட்ட நூலும் அவர் நடத்திய பயிற்சிகளும் சதுர நடனத்தைப் பரப்பின. அறிவிப்பாளர்களுக்கென 1974இல் ‘காலர்லாப்’ என்னும் அமைப்பு உருவாகி, அடவுகளின் பெயர்களையும் கற்பிக்கும் நிலைகளையும் ஒழுங்குபடுத்தியது. ஓர் ஊரில் கற்றவர் மற்றோர் ஊரின் சதுரத்தில் தயக்கமின்றி நிற்க அந்த ஒழுங்கு உதவியது. அங்கும் வட்டார வேறுபாடுகள் குன்றின என்பதையும் மறத்தலாகாது. ஆடுவோரை மையமாகக் கொண்ட அமைப்பாக்கத்துக்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

குழு ஆட்டங்களின் ஈர்ப்புக்குத் திறமையின் உச்சம் அடிப்படையன்று; எல்லோருக்கும் எட்டும் எளிமையே அடிப்படை. எளிய அடவு புதியவரை உள்ளே அழைக்கிறது. பகிர்ந்த பாட்டு கவனத்தைப் பிணைக்கிறது. எதிரெதிர் நிற்கும் அமைப்பு ஒருவரை மற்றவர்க்குப் பொறுப்பாக்குகிறது. சங்கரன்கோவில் வட்டார முளைப்பாரிக் கும்மிக்கும் அமெரிக்கச் சதுர நடனத்துக்கும் இது பொது. உழைப்பால் களைத்த உடலுக்கு ஓய்வு அசையாதிருத்தலில் மட்டும் இல்லை, விரும்பியவாறு அசைதலிலும் உண்டு என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இவ்வின்பம் தன்னளவில் நடுநிலையானது. அது பிணைக்கும்; யாரோடு பிணைப்பது என்பதை ஆடுவோரே முடிவு செய்ய வேண்டும். எனவே இத்துறையில் மூன்று பணிகள் கருதத்தக்கன. முதலாவதாக, பாடலின் சொற்களோடு தட்டின் எண்ணிக்கை, அடியின் திசை, நிற்கும் ஒழுங்கு, யார் பாட யார் வாங்குகின்றனர் என்பனவும் ஊர்வாரியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டாவதாக, கல்வி நிலையங்கள் போட்டிக்குரிய ஆட்டத்தோடு, தேர்வும் பரிசும் அவையும் இல்லாத வட்ட ஆட்டத்துக்கும் பொழுது ஒதுக்க வேண்டும். தெரு பிரித்து வைத்த மாணவர்கள் ஒரே வட்டத்தில் நிற்க வாய்ப்புள்ள இடம் கல்லூரி வளாகமே. மூன்றாவதாக, ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர் அதில் ஆடியவர்களைக் கணக்கிடுவதோடு நில்லாமல், அருகில் நின்றும் ஆடாதவர்கள் யாவர், ஏன் ஆடவில்லை என்பதனையும் குறிக்க வேண்டும். பாடல் முடிந்தபின் களத்தில் கேட்கப்பட வேண்டிய முதல் வினா அதுவே.